‘பழகிடும்’ என்றொரு மருந்துச்சீட்டு

“ஒண்ணுமில்ல, பழகிடும்.”

விழித்திரை கிழிந்து லேசர் போட்டுக்கொண்ட ஒருவர், இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போய், “இன்னும் பூச்சி பறக்குது டாக்டர், ஓரத்துல மின்னல் மாதிரி அடிக்குது” என்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு சொற்களுக்கு எதிரானது. டாக்டர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. லேசரோடு கிடையவே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டியிருக்கிறது. நம் ஊரில் மருத்துவத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே வலது பக்கம் ஒருவர் வேப்பிலையோடும் இடது பக்கம் ஒருவர் அறிவியல் கொடியோடும் வந்து நின்றுவிடுவார்கள். இருவரும் கொஞ்சம் உட்காருங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ‘பழகிடும்’ என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால் இரண்டு பேர் அடிபடுகிறார்கள். ஒருவர், பழகாதவர். தனக்கு மட்டும் ஏன் பழகவில்லை என்று தன் மூளையையே சந்தேகப்பட ஆரம்பிக்கிறார். இன்னொருவர், நன்றாகவே பழகிவிட்டவர். அவர் நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது கிழிசல் வரும்போது அதையும் பழகிக்கொள்ளப் பார்ப்பார்.

1

முதலில் கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இதைப் புரியாமல் பேசினால் வெறும் புலம்பலாகிவிடும்.

கண்ணின் உட்புறத்தில் சுமார் நான்கு மில்லி ஜெல்லி இருக்கிறது. விட்ரியஸ் என்பார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சம் கொலாஜன் என்ற மெல்லிய இழைகளும் ஹையலூரானிக் அமிலமும். பின்சுவரில் படிந்திருக்கும் விழித்திரையோடு இந்த ஜெல்லி ஒட்டிக்கொண்டிருக்கும். வயது ஏற ஏற ஜெல்லி நீர்த்துச் சுருங்கி, ஒருநாள் விழித்திரையை விட்டுப் பிரியும். ஐம்பது, அறுபது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு என்றாவது இது நடக்கும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் முன்னாலேயே நடக்கலாம். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கும், கண்ணில் பலமாக அடிபட்டவர்களுக்கும் அப்படியே.

பிரிந்த ஜெல்லியில் திரண்டு மிதக்கும் இழைகளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. அதுதான் பூச்சி, நூலாம்படை, கொசு, தலைமுடி. ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஃப்ளோட்டர்ஸ். லத்தீனில் இதற்குப் ‘பறக்கும் ஈக்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பசியில் தலைசுற்றினால் “கண்ணுல பூச்சி பறக்குது” என்கிறோமே, கிட்டத்தட்ட அதே சொல். மின்னல் அடிப்பதற்குக் காரணம் வேறு. ஜெல்லி விழித்திரையைப் பிடித்து இழுக்கும்போது விழித்திரைக்கு வலிக்காது. வலி சொல்லும் நரம்பே அதற்குக் கிடையாது. எதைச் செய்தாலும் ‘வெளிச்சம்’ என்று ஒரே பதிலைத்தான் அது மூளைக்கு அனுப்பும். ஆக, மின்னல் என்பது விழித்திரையின் கூப்பாடு.

ஜெல்லி பிரியும்போது எங்காவது இறுக்கமாக ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் விழித்திரை கிழியும். பெரும்பாலும் குதிரை லாட வடிவில். திடீரென்று இப்படிப் பூச்சியும் மின்னலும் கண்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ கிழிசல் இருக்கும். அந்தக் கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்தால், மழை இறங்கிய சுவரில் பெயிண்ட் உப்பி உரிவதுபோல விழித்திரை பின்சுவரிலிருந்து உரிந்துவரும். அதன்பிறகு பெரிய ஆபரேஷன்தான். பார்வை எவ்வளவு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

உரியும் முன்பு பிடித்துவிட்டால் லேசர் போதும். கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகப் பொட்டுப் பொட்டாகச் சூடு வைப்பார்கள். சூடு பட்ட இடம் தழும்பாகி, விழித்திரையைப் பின்சுவரோடு பிடித்துக்கொள்ளும். தழும்பு உறுதியாகப் பத்துப் பதினாலு நாள் ஆகும். துணி பாஷையில் சொன்னால் இது ஒட்டுப்போடுவது கிடையாது. கிழிசல் மேற்கொண்டு ஓடாமல் சுற்றிலும் தையல் அடிப்பது.

இந்தச் சூடு எத்தனை பெரிய விஷயம் என்பதையும் சொல்லியாகவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை விழித்திரை உரிந்தால் கண் போனதுதான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனான்தான் கிழிசலே காரணம், அதை அடைத்தால் விழித்திரை படியும் என்று நிறுவினார். அவர் சொன்னதை மற்றவர்கள் ஏற்கவே வருடக்கணக்காயிற்று. 1945 ஜூலை 9 சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரை கருகி வந்தவர்களைக் கண்ட ஜெர்மன் டாக்டர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், இந்தக் கருக்கலையே மருந்தாக்கினால் என்ன என்று யோசித்தார். சூரிய ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் குவித்துச் சூடு வைத்துப் பார்த்தார். பிறகு செனான் விளக்கு வந்தது. 1960-ல் லேசர் பிறந்த சில வருடங்களிலேயே அதுவும் கண்ணுக்குள் வந்துவிட்டது. அறிகுறியோடு வரும் லாடக் கிழிசலை அப்படியே விட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழித்திரை உரியும். காலத்தில் லேசர் போட்டால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விடும். சில நிமிடங்களில், சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து, படுக்கைகூட இல்லாமல் செய்கிற வேலை இது. மனிதர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

ஆனால் மேலே எழுதியதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். பூச்சிகள் ஜெல்லிக்குள் இருக்கின்றன. லேசர் விழித்திரையில் விழுகிறது. பூச்சிக்கும் லேசருக்கும் சம்பந்தமே இல்லை. பூச்சியைக் கண்டு பயந்து மருத்துவமனைக்கு ஓடிய மனிதருக்கு, பூச்சியைத் தொடாத ஒரு சிகிச்சை நடந்திருக்கிறது. இதை லேசருக்கு முன்பு அவரிடம் யாராவது சொன்னார்களா? கேள்வி இவ்வளவுதான்.

2

எனக்கு வலது கண்ணில் லேசர் போட்டார்கள். சொந்த ஊர் ராஜபாளையம். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. வேலை சுத்தமாக நடந்தது. “சக்சஸ், போயிட்டு வாங்க” என்றார்கள். சீட்டில் ஆங்கிலத்தில் நான்கு வரி. மூன்றாம் நாளும் பூச்சி இருந்தது. மூன்றாம் மாதமும் இருந்தது. இருட்டில் தலையைத் திருப்பினால் ஓரத்தில் வில் போல ஒரு வெளிச்சம். ‘சக்சஸ்’ என்றால் இது போகவேண்டுமே, போகவில்லையே, அப்படியென்றால் லேசர் தோற்றுவிட்டதா? இந்தக் கணக்கைத்தான் ஒவ்வொரு இரவும் போட்டுக்கொண்டிருந்தேன். ‘இது போகாது, ஆனால் இது தோல்வி இல்லை’ என்ற ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கும்.

லேசருக்குப் பிறகு என்னவெல்லாம் மிஞ்சும்? பூச்சிகள் மிஞ்சும். பல மாதங்களில் கொஞ்சம் கீழே இறங்கும், மூளையும் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை விலக்கக் கற்றுக்கொள்ளும், முழுதாகப் போவது அபூர்வம். மின்னல் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை வந்து போகும். ஜெல்லி இன்னும் எங்காவது இழுத்துக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் நீளும். லேசர் போட்ட அன்று கண் கூசி, நிறமெல்லாம் மங்கித் தெரிவது அன்றே சரியாகிவிடும். நிறைய இடத்தில் சூடு வைத்திருந்தால் ஓரப் பார்வையில் மெல்லிய மறைப்பு இருக்கலாம், பக்கத்தில் பார்க்கக் கண் தடுமாறலாம். சிலருக்குக் கொஞ்ச காலம் கழித்து விழித்திரையின் நடுவில் மெல்லிய சவ்வு படர்ந்து, நேர்க்கோடுகள் வளைந்து தெரியும். இவற்றில் எதுவும் ரகசியம் கிடையாது. கண் மருத்துவம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோயாளிக்கு மட்டும்தான் தெரியாது.

“சின்ன விஷயம்தானே” என்பவர்களுக்கு ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. இந்தியா முழுக்க ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டும் பேண்டேஜ் துணி பெருமளவு அங்கே நெய்யப்படுகிறது. வெள்ளை வெளேரென்ற துணி. ஃப்ளோட்டர் எதில் நன்றாகத் தெரியும் தெரியுமா? வெளிச்சமான, வெறுமையான, வெள்ளைப் பரப்பில். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அங்கே தறி ஓட்டுகிறவர். அவருக்கும் லேசர் ஆனது. சொன்னார்: “தம்பி, துணியில நூல் பிரிஞ்சிருக்கா, முடிச்சு விழுந்திருக்கான்னு பார்க்கிறதுதான் என் பொழப்பு. இப்ப எல்லா மீட்டர்லயும் நூல் பிரிஞ்சுதான் தெரியுது. எது துணியில இருக்கு, எது என் கண்ணுல இருக்குன்னு கையால தடவிப் பார்க்க வேண்டியிருக்கு.” பரிசோதனை அறையில் அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். 6/6. கோப்பின்படி அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்தப் பலகை கறுப்பு எழுத்தை நிதானமாகப் படிக்க முடிகிறதா என்று மட்டும்தான் கேட்கிறது. மங்கலான வெளிச்சத்தில் சாம்பலிலிருந்து சாம்பலைப் பிரித்துப் பார்க்க முடிகிறதா, எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டில் கலங்கல் நிழல் ஆடுகிறதா என்று அது கேட்பதில்லை. இரவில் திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்கு வண்டி ஓட்டுகிற டிரைவருக்கு 6/6 என்ற எண்ணால் என்ன பிரயோஜனம்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு நிற்கிற கூட்டத்தில் எத்தனையோ பேர் 192 அடி கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவார்கள். அதில் நம் ஆள் ஒருவர் இருந்தால், கோபுரத்துக்குப் பின்னாலிருக்கும் பளீர் வானத்தில் தன் பூச்சிகளைத்தான் முதலில் பார்ப்பார். நாள் முழுக்க வெள்ளைத் திரையில் வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

2011-ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு ஒன்று ஃப்ளோட்டர்ஸ் உள்ளவர்களிடம் விநோதமான கேள்வியைக் கேட்டது. இது முற்றிலும் போவதற்கு உங்கள் மிச்ச ஆயுளில் எவ்வளவைக் கொடுப்பீர்கள்? வந்த சராசரி பதில், பத்து வருடத்துக்கு 1.1 வருடம். அத்தனை பேரும் மிகைப்படுத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் பத்தில் ஒன்றைக் கொடுக்கத் தயார் என்கிற ஒரு மனிதரிடம் “ஒண்ணுமில்ல” என்று சொல்வது மருத்துவ அபிப்பிராயம் ஆகாது. செவிட்டுக் காது என்பதுதான் அதற்குப் பெயர்.

3

ஏன் இப்படிச் சொல்கிறார்கள்? கெட்ட எண்ணம் காரணமில்லை. மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

ஒன்று, நேரம். வெளியே நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு விழித்திரை இப்போது உரிந்துகொண்டிருக்கலாம். பூச்சியோடு வாழப்போகிறவரிடம் பேசும் ஐந்து நிமிடம், உரிந்தவரின் ஐந்து நிமிடம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை டாக்டரே பேசவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரியட்டும் என்று அரைமணி நேரம் வரிசையில் உட்காரவைக்கிறீர்களே, அந்த அரைமணி நேரம் யாருடையது? சிஸ்டர் ஒருவர் ஒரு தாளைக் கையில் கொடுத்து உரக்கப் படித்துக் காட்டினால் முடிந்தது.

இரண்டு, கண்புரை. கண் சிகிச்சை என்றால் நம் மனதில் இருக்கும் படம் கண்புரை ஆபரேஷன்தான். நியாயமும் இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கண்புரைப் பார்வையிழப்புக்கு எதிராகச் செய்ததை உலகமே வந்து பார்த்துப் படிக்கிறது. கரிசல் காட்டுக் கிராமங்களில் முகாமுக்குப் போன தாத்தாக்கள் திரும்பி வந்து பேரன் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கதையில் முன்னால் இருட்டு, பின்னால் வெளிச்சம். நம் சினிமாவும் இதையே எடுத்து வைத்துக்கொண்டது. கட்டு அவிழ்க்கும் காட்சி, மங்கலாக ஒரு முகம், அப்புறம் தெளிவாக அம்மா. விழித்திரை லேசரில் இந்தக் காட்சியே கிடையாது. அது இருக்கிற பார்வையைக் கூட்டுவதில்லை. வரப்போகிற இழப்பைத் தடுக்கிறது. நடக்காமல் போன ஒன்றுக்கு யார் விசிலடிப்பார்கள்? நோயாளி கண்புரைக் கதையை எதிர்பார்த்து வருகிறார். டாக்டர் நடக்காமல் போன பேரிடரைப் பார்த்துத் திருப்தியடைகிறார். இருவரும் வெவ்வேறு படத்தைப் பார்த்துவிட்டு ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று, மொழி. இதில் இலக்கியம் பேசுகிற நமக்கும் பங்குண்டு. தமிழில் கண் என்றால் இருக்கும், அல்லது இருக்காது. கண்ணப்பர் கண்ணைப் பிடுங்கி அப்பினார், பெற்றார். குருட்டுத்தனம் என்பதை வசையாகவும் உருவகமாகவும் வேண்டிய அளவு எழுதியாயிற்று. தெரிகிற கண்ணில் தெரியக்கூடாத ஒன்றும் சேர்ந்து தெரிவது என்ற நடுநிலைமையை எழுத நமக்குப் பழக்கமில்லை. எழுத முடியாதது என்று சொல்லவேண்டாம். ஓவியர் எட்வர்ட் மூங்க் செய்தார். 1930-ல், அறுபத்தாறு வயதில், நல்ல கண்ணான வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. இடது கண் ஏற்கெனவே பலவீனம். அவர் என்ன செய்தார் என்றால், அந்தக் கண்ணில் தெரிந்ததை அப்படியே வரைந்தார். வட்டவட்டமாக நிறங்கள், அலகு நீண்ட ஒரு பறவை போன்ற கரும்படலம். மாதக்கணக்கில், கசிவு கரையக் கரைய, அது நகர்வதையும் சுருங்குவதையும் பதிவுசெய்தார். அவருடைய மகத்தான படைப்புகளின் வரிசையில் அவை வராமல் இருக்கலாம். ஆனால் ஒரு நோயாளி தன் கண்ணைப் பற்றிச் சொன்ன மிகத் துல்லியமான வாக்குமூலங்களில் அவை உண்டு. “அங்கே ஒண்ணுமில்ல” என்று யாராலும் அவரிடம் சொல்ல முடியாது. இதோ, தாளில் இருக்கிறது.

4

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். இதுவரை சொன்னது அசௌகரியம். இனிச் சொல்வது ஆபத்து.

ஒருமுறை கிழிந்த கண்ணில் மறுபடி கிழியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. முதல் கிழிசல் கண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினாலு பேருக்குப் பின்னாளில் புதிய கிழிசல் வருவதாக அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அடுத்த கண்ணிலும் ஜெல்லி பிரிய வாய்ப்புண்டு, பலருக்கு அது சில வருடங்களுக்குள்ளேயே நடக்கிறது. அந்தப் புதிய கிழிசல் எப்படி வந்து கதவைத் தட்டும்? பூச்சியாகவும் மின்னலாகவும்தான். அதே பூச்சி, அதே மின்னல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதருக்குப் பூச்சியும் மின்னலும் தெரிகிறது. “ஒண்ணுமில்ல, பழகிடும்” என்று வெள்ளைக் கோட்டு போட்டவரே சொல்லியிருக்கிறார். அவரும் கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூச்சி கூடுகிறது. அவர் என்ன செய்வார்? எதைச் செய்யக் கற்றுக்கொடுத்தோமோ அதைச் செய்வார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பழகிக்கொள்ளப் பார்ப்பார்.

இதோடு தூரத்தையும் சேருங்கள். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிச்சம், அவ்வளவுதான். கண்ணில் மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கல், ஆகவே துணைக்கு ஒருவர் கட்டாயம். ஆக, இரண்டு பேரின் ஒருநாள் கூலி போயிற்று. மில்லில் ஷிஃப்ட் போயிற்று. இவ்வளவும் செலவழித்துப் போய் “அதான் அன்னைக்கே சொன்னேனே, ஒண்ணுமில்லன்னு” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த முறை அந்த மனிதர் பஸ் ஏறமாட்டார். அடுத்த முறைதான் உண்மையான முறையாக இருக்கக்கூடும். நகரத்தில் பத்து நிமிடத்தில் ரெட்டினா டாக்டரைப் பார்க்கிறவர் சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். தூரத்தில் இருப்பவருக்கு எப்போது பஸ் ஏறவேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். அவருக்குத்தான் நாம் இரண்டே சொல் கொடுத்து அனுப்புகிறோம்.

கொடுக்கவேண்டிய அறிவு ஒன்றும் பெரிய சாஸ்திரம் இல்லை. ‘மாற்றம்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும். பழைய பூச்சி இருப்பது பிரச்சினை இல்லை. புதுப் பூச்சி கூட்டமாக வருவது பிரச்சினை. கண்ணுக்குள் மை தெளித்த மாதிரி, புகைக்கரி உதிர்ந்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் வந்தால் அது ரத்தமாக இருக்கலாம். எப்போதாவது அடிக்கும் மின்னல் திடீரென்று அடிக்கடி அடிப்பது பிரச்சினை. ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல நிழல் விழுந்தால் அன்றைக்கே, அந்த ராத்திரியே கிளம்பவேண்டும். ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தால் நாள் கடத்தாமல் காட்டவேண்டும். இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கவேண்டுமென்றால் ஒருவருக்குத் தன் வழக்கமான பூச்சிகள் எவை என்று தெரிந்திருக்கவேண்டும். அதாவது, அவற்றைப் பார்த்திருக்கவேண்டும், எண்ணியிருக்கவேண்டும். நாமோ அவற்றைக் கண்டுகொள்ளாதே என்று உபதேசிக்கிறோம். மூங்க் மாதிரி ஒரு தாளில் கிறுக்கி வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால், மருத்துவமாகவும் இருந்திருக்கும், மரியாதையாகவும் இருந்திருக்கும்.

5

மருத்துவர் மௌனமாக இருந்தால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பூச்சியைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று ஒருவர். கண்ணை எட்டு போடவைக்கும் பயிற்சி வீடியோ என்று ஒருவர். தினம் அன்னாசிப்பழம் தின்றால் போய்விடும் என்று ஒரு ஃபார்வர்டு. இழைத் திரளை எந்தச் சொட்டு மருந்தும் கரைப்பதாக நிரூபணமில்லை. புதிதாகக் கிழிந்து லேசர் போட்ட கண்ணைப் பயிற்சி என்று அழுத்துவதும் தேய்ப்பதும் வெறும் வம்பு. அந்த அக்காவின் வீட்டில் இப்படி வாங்கிய மூன்று புட்டிகள் இருக்கின்றன. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ‘ஒண்ணுமில்ல’ என்றவரிடமிருந்து ‘ஏதோ ஒண்ணு இருக்கு, சரி பண்ணலாம்’ என்று சொன்னவரிடம் போனார். யாராக இருந்தாலும் போவார்கள்.

உண்மையான வழிகள் இருக்கின்றன, அவற்றையும் மூடி மறைக்கவேண்டியதில்லை. விட்ரெக்டமி என்று ஜெல்லியையே எடுத்துவிடும் ஆபரேஷன் உண்டு. பூச்சி போய்விடும். ஆனால் கண்புரை சீக்கிரம் வரும், புதிய கிழிசலும் விழித்திரை உரிதலும் வரக்கூடிய ஆபத்து உண்டு. அதனால்தான் மிகவும் அவதிப்படுகிற சிலருக்கு மட்டும் யோசித்துச் செய்கிறார்கள். யாக் லேசரால் இழைத் திரளை உடைப்பதும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, அதன் பலன் பற்றிய ஆதாரமும் குறைவு. இதைக் கேட்ட பிறகு பெரும்பாலோர் “வேண்டாம் சார், நான் இப்படியே சமாளிச்சுக்கிறேன்” என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். தெரிந்துகொண்டு சமாளிப்பதும் வேறு வழியில்லை என்று நம்பவைக்கப்பட்டுச் சமாளிப்பதும் ஒன்றில்லை.

“நோயாளியிடம் இவ்வளவு சொன்னால் பயந்துவிடுவார்” என்பது கடைசி அஸ்திரம். ஏற்கெனவே பயந்துதான் போயிருக்கிறார். கண்ணுக்குள் கறுப்பாக எதுவோ ஓடுகிறது, கண்ணில் சூடு வைத்திருக்கிறார்கள், அப்புறமும் ஓடுகிறது. இதைவிடப் பயமுறுத்த ஒரு தாளால் முடியுமா?

அந்தத் தாளில் இருக்கவேண்டியதை நானே எழுதித் தருகிறேன். எந்த மருத்துவமனையும் எடுத்துக்கொள்ளலாம், காப்புரிமை கேட்கமாட்டேன்:

“லேசர், கிழிசல் பரவாம இருக்கத்தான். பூச்சி இதால போகாது. போகலைன்னா லேசர் தோத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. தழும்பு இறுக ரெண்டு வாரம் ஆகும், அதுவரை என்ன செய்யலாம், செய்யக்கூடாதுன்னு கேட்டுட்டுப் போங்க. மின்னல் சில மாசம் வந்துபோகலாம். பூச்சி மெள்ள மெள்ள மங்கும், பல பேருக்குப் பழகும், சில பேருக்குப் பழகாது. பழகலைன்னா அது உங்க தப்பில்ல, வந்து சொல்லுங்க. வாரம் ஒருதடவை ஒரு கண்ணை மூடி, வெள்ளைச் சுவத்தைப் பார்த்து, தெரியிறதை வரைஞ்சு வைங்க. புதுசா கூட்டமா வந்தா, மின்னல் அதிகமானா, திரை மாதிரி நிழல் விழுந்தா, அன்னைக்கே வாங்க. வந்து பார்த்து ஒண்ணும் இல்லைன்னாலும் யாரும் திட்டமாட்டோம். இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க.”

கடைசியில் ஒரு தொலைபேசி எண். எடுத்துப் பேசக்கூடிய ஒரு ஆள். இவ்வளவுதான் கோரிக்கை. இதற்குப் புதுக் கருவி வேண்டாம், புது பட்ஜெட் வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. லேசர் எங்கே போட்டாலும் போடட்டும். இந்தத் தாளும், இதைப் படித்துக்காட்ட ஒரு ஆளும், மங்கலான கண்ணோடு வருகிறவரை முன்னால் அனுப்பிவைக்கும் ஒரு வழியும் இந்த இரண்டு ஊரிலும் இருக்கவேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். இதை வாசிக்கிறவர்களில் பலர் மைனஸ் ஆறு, மைனஸ் எட்டு கண்ணாடிக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டாலும், நீண்டுபோன கண்ணும் மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது முன்பக்கத்துக் கருவிழி மட்டும். ஆகவே வருடம் ஒருமுறை பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவோ அத்தையோ “கண்ணுல என்னமோ பூச்சியா பறக்குது” என்று சொன்னால், “பிரஷர் மாத்திரை போட்டியாம்மா” என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்காதீர்கள். எப்போதிலிருந்து, எத்தனை, எந்தக் கண்ணில், மின்னல் அடிக்கிறதா என்று கேளுங்கள். நேற்று இல்லாதது இன்று வந்திருந்தால், அன்றைக்கே அழைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.